பீடத்தில் உள்ள துளை எதற்கு என்று கேட்ட மகளின் சார்பில்: கலை அருங்காட்சியகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நகரக் கலை அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும், காப்பாட்சியர்களுக்கும், காட்சிக்கூடங்களில் நாள் முழுவதும் நின்று பணியாற்றும் காவலர்களுக்கும் வணக்கம்.

நான் இரண்டு குழந்தைகளின் தாய். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. ஓராண்டாக அவர்களைக் கலை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். அண்மையில் ஒரே கட்டடத்தில், ஒரே பிற்பகலில், அடுத்தடுத்த இரண்டு கூடங்களில் எங்களுக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்கள்தான் இந்த மடலை எழுத வைத்தன. அது எந்த அருங்காட்சியகம் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஓர் இடத்தைப் பற்றிய புகாராகிவிடும். நான் கேட்க விரும்புவதோ உங்கள் அனைவரிடமும்.

முதற்கூடத்தில் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. நான் அண்ணாந்து, உருவைச் சூழ்ந்த திருவாசி வளையத்தின் சுடர்களையும் விரிந்த சடையையும் உடுக்கை ஏந்திய கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் கண்ணுக்கு நேரே இருந்தவை வேறு. காலடியில் கிடக்கும் முயலகனின் முகத்தை அவள் முதலில் பார்த்தாள், பிறகு குனிந்து பீடத்தைப் பார்த்தாள், பீடத்தின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குச் சற்று மேலான வட்டத் துளை ஒன்றைக் கண்டுபிடித்து, "அம்மா, இந்த ஓட்டை எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த குறிப்பு அட்டை பெயரையும் உலோகத்தையும் நூற்றாண்டையும் கிடைத்த ஊரையும் சொன்னதோடு நின்றுவிட்டது. காவலர் எங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும், அதட்டப்போகிறார் என்று எண்ணி மகளின் தோளைப் பற்றி இழுத்தேன். அவர் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, "சாமி ஊர்வலம் போகும்போது அதுல கம்பு சொருகித் தூக்கிட்டுப் போவாங்க பாப்பா. அந்தப் பக்கமும் இருக்கும், போய்ப் பாரு" என்றார். அவள் சிலையைச் சுற்றி வந்து மற்றத் துளைகளைத் தேடினாள். எத்தனை பேர் தூக்குவார்கள், எவ்வளவு கனம் இருக்கும், ஆடிக்கொண்டே போகுமா, சாமி விழுந்துவிடாதா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்ற ஒன்று, தெருவில் மனிதர்களின் தோள்மேல் அசைந்துபோன ஒன்றாக அவளுக்குள் மாறிக்கொண்டிருந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்தச் சிலையின் முன் நாங்கள் இருந்தது ஏறத்தாழ அரைமணி நேரம்.

அடுத்த கூடம் எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு உரியது. அங்கே மகன் களைத்துப்போய் ஒரு பெரிய நிலக்காட்சி ஓவியத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஓவியத்தின் அடிப்பகுதியில் வரையப்பட்டிருந்த வாத்துகளை எண்ணத் தொடங்கினான். அவன் கத்தவில்லை, ஓடவில்லை, எதையும் தொடவில்லை. காவலர் இருமுறை வந்து எழுந்திருக்கச் சொன்னார். மூன்றாம் முறை, "ரொம்ப நேரமா இங்கேயே இருக்கீங்க, குழந்தையை வெளியில கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார். நான் அழைத்துக்கொண்டு வெளியேறினேன். வாத்துகள் எத்தனை என்று வீடு வந்து சேரும்வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாவது காவலரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. எவற்றை அனுமதிக்கக் கூடாது என்ற பட்டியல் அவரிடம் கொடுக்கப்பட்டிருக்கும்; எவற்றை அனுமதிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதற்கூடத்துக் காவலர் செய்தது அவருடைய இயல்பிலிருந்து வந்த நற்செயல். என் கோரிக்கை இதுதான்: ஒரு குழந்தை உங்கள் கூடத்தில் எப்படி நடத்தப்படும் என்பது அன்று பணியிலிருப்பவரின் இயல்பைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அது உங்கள் நிறுவனத்தின் தீர்மானமாக இருக்க வேண்டும்.

குழந்தைகளால் ஒன்றின்மீது நிலையாகக் கவனம் வைக்க முடியாது என்பது இந்தப் பேச்சில் எப்போதும் முன்வைக்கப்படும் காரணம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் நிற்கும் நேரத்தை ஆய்வாளர்கள் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 நொடிகள். பாதிப்பேர் நின்றது 17 நொடிகள் அல்லது அதற்கும் குறைவு, அதுவும் குறிப்பு அட்டையைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து. என் மகள் ஒரு பீடத்துக்குக் கொடுத்த அரைமணியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெரியவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறோம். குழந்தை இரண்டையோ மூன்றையோ தானே தேர்ந்தெடுத்து, அவற்றிலேயே தங்கிவிட விரும்புகிறது. உங்கள் கூடங்களின் வரிசையும் அம்புக்குறிகளும் காவலர்களின் "நகருங்கள்" என்ற சொல்லும் நிறையப் பார்த்து விரைந்து கடப்பவருக்காக அமைந்தவை. மெதுவாகவும் தாழ்விலிருந்தும் பார்ப்பவருக்கு அவற்றில் இடமே இல்லை.

தாழ்விலிருந்து என்று சொன்னதை நான் அளவுநாடாவோடு சொல்ல விரும்புகிறேன். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டுவது உங்கள் தொழிலில் பரவலான வழக்கம். நிற்கும் பெரியவரின் கண்மட்டம் அது. ஏழு வயதுக் குழந்தையின் கண் 110 சென்டிமீட்டர் அளவிலும், நான்கு வயதுக் குழந்தையின் கண் 90 சென்டிமீட்டர் அளவிலும் இருக்கும். மேலிருந்து சாய்வாக விழும் விளக்கொளி கண்ணாடியிலும் வார்னிஷிலும் பட்டுக் கீழ்நோக்கித் தெறிக்கிறது. அந்தச் சாய்வுக் கோணம், பெரியவரின் கண்ணில் பளபளப்பு விழாமலிருக்கும்படி கணக்கிடப்பட்டது. கீழ்நோக்கித் தெறிக்கும் அந்த ஒளி போய்ச் சேரும் இடத்தில்தான் குழந்தையின் முகம் இருக்கிறது. நான் ஒருமுறை மகனின் உயரத்துக்கு முழங்காலிட்டு, ஓவியத்துக்கு அருகில் சென்று பார்த்தேன். நின்றபோது தெளிவாகத் தெரிந்த வானத்தின் மேற்பகுதி முழுவதும் வெள்ளை ஒளித்திட்டாக மாறியிருந்தது. "ஒண்ணுமே தெரியல" என்று அவன் சிணுங்கியபோதெல்லாம் நான் அதை அடமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது உண்மை.

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு நகரச் சதுக்கத்தை முழுவதும் நிரப்பி வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள், தலைகீழாக நிற்கிறார்கள். ஒவ்வோர் உருவமும் விரலளவே இருக்கும். குழந்தைகள் கூர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஓவியம் அரிது. இதுபோன்ற நுணுக்கமான ஓவியங்கள் எந்த அருங்காட்சியகத்திலும் சில இருக்கும். அவற்றையாவது சற்றுத் தாழ்த்தி மாட்டுங்கள். முடியாத இடத்தில் அசையாத, அகலமான படி ஒன்றைப் போடுங்கள். காப்பாட்சியர்கள் எல்லோரும் ஒரு நாள், கூடம் திறப்பதற்கு முன், ஒரு கூடத்தையாவது முழங்காலில் நடந்து பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். எந்த அறிக்கையாலும் சொல்ல முடியாததை அந்தப் பத்து நிமிடங்கள் சொல்லிவிடும்.

குழந்தையின் கண் எங்கே போகும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியாது. இதற்குக் கலை வரலாறே சான்று வைத்திருக்கிறது. வட ஸ்பெயினில் அல்தாமிரா குகையில் மார்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலா என்பவர் 1879இல் தொல்பொருள்களுக்காகத் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவருடன் சென்றிருந்த எட்டு வயது மகள் மரியா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அங்கே தொல்பழங்கால மனிதர் வரைந்த காட்டெருமைகள் இருந்தன. கற்றறிந்த தந்தை அந்தக் குகைக்குள் முன்பே வந்து போனவர்தான், ஆனால் அவர் தேடியது தரையில். அறிஞர் உலகம் அந்த ஓவியங்களைப் போலி என்று தள்ளியது. மறுத்தவர்களுள் முதன்மையானவரான எமில் கார்த்தயாக் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியது 1902இல். சவுத்துவோலா அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பெரியவர்களின் கண் தேடி வந்ததை மட்டுமே தேடும். என் மகள் துளையைப் பார்த்ததும் மகன் வாத்துகளை எண்ணியதும் எனக்கு இந்த நிகழ்ச்சியை நினைவூட்டின. எந்தக் குறிப்பு அட்டையும் அவர்களை அங்கே அனுப்பவில்லை.

இனி, "தொடாதே" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓர் அருங்காட்சியகத்தில் குழந்தை அதிகமாகக் கேட்கும் சொல் அதுதான். அந்த விதி தேவையானது. அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்லச் சொல்கிறேன். நம் விரலில் உப்பும் எண்ணெய்ப் பசையும் அமிலமும் இருக்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு வெண்கலத்தை அரிக்கும், பளிங்கின் நுண்துளைகளில் பசை ஏறிக் கறையாகும். இதை ஏழு வயதுக் குழந்தைக்குச் சொன்னால் புரிகிறது, சொல்லிப் பார்த்துவிட்டேன். வாடிகனில் புனித பேதுரு பேராலயத்தில் பேதுருவின் வெண்கலச் சிலை ஒன்று அமர்ந்த நிலையில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் தொட்டும் முத்தமிட்டும் வந்ததால் அதன் வலக்காலின் விரல்கள் தேய்ந்து ஒன்றாகி வழவழவென்று ஆகிவிட்டன. அந்தக் காலின் படத்தை மகளிடம் காட்டினேன். "எல்லோரும் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருப்பாங்க, இல்லம்மா?" என்று கேட்டாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அவள் எந்தக் கூடத்திலும் கையைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். தம்பிக்கும் காரணம் சொல்கிறாள்.

அறை ஏன் இருட்டாக இருக்கிறது என்பது குழந்தைகள் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி. காகிதத்தில் வரைந்தவற்றுக்கும் நீர்வண்ணங்களுக்கும் துணிகளுக்கும் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி படாமல் நீங்கள் காக்கிறீர்கள், ஏனென்றால் ஒளி வெளுக்கச் செய்த நிறத்தை மீட்க முடியாது. இவ்வளவு அக்கறையான செயலைப் பற்றி அறையின் வாசலில் ஒரு வரிகூட இருப்பதில்லை; குழந்தை அதைப் பேய் அறை என்று எண்ணிப் பயப்படுகிறது. தொல்பழங்கால ஓவியங்கள் கொண்ட பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் பதின்ம வயதினர் நால்வரால் கண்டுபிடிக்கப்பட்டு, கூட்டங்கூட்டமாக மக்கள் வந்து மூச்சுவிட்டதும் ஒரு காரணமாக ஓவியங்கள் கெடத் தொடங்கி, 1963இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மூச்சுக்காற்றுகூட ஓர் ஓவியத்தைக் கெடுக்கும் என்று கேட்ட என் மகன், அடுத்த ஓவியத்தின் முன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். காரணம் தெரிந்த குழந்தை உங்கள் காவலருக்குச் சுமையாக இருப்பதில்லை, உதவியாக இருக்கிறது. "தொடாதீர்கள்" என்ற பலகைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஏன் என்பதை இரண்டு எளிய வரிகளில் எழுதி வையுங்கள்.

கை எதையாவது தொட விரும்பத்தான் செய்யும். அதற்கு ஒரு வழியையும் கொடுங்கள். செப்புத் திருமேனி எப்படி உருவாகிறது என்பதைக் கையால் அறிய முடியும்: முதலில் மெழுகில் உரு, அதன்மேல் களிமண் பூச்சு, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும், கடைசியில் களிமண் உடைக்கப்படும். கரு எனப்படும் அந்தக் களிமண் அச்சே உடைந்துபோவதால் அதில் இன்னொன்று வார்க்க முடியாது. ஒரு மெழுகு உரு, உடைந்த களிமண் கரு, முடிக்கப்படாத வார்ப்பு ஆகிய மூன்றையும் ஒரு மேசையில் வைத்துத் தொட விட்டால் போதும். அதற்கு எதிரே கண்ணாடிக்குள் உள்ள திருமேனியைக் குழந்தை பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். பார்வையற்ற பார்வையாளர்களுக்கும் அதே மேசை பயன்படும்.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் உங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். அது எனக்கும் உண்டு. கூடத்துக்குள் கால்வைத்ததிலிருந்து வெளியேறும்வரை மகனின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாள்கள் பல. ஆனால் 2024 ஆகஸ்டில் ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நிகழ்ந்ததை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். குறைந்தது 3,500 ஆண்டுகள் பழமையான முழுச் சாடி ஒன்று அங்கே நுழைவாயிலுக்கு அருகில் கண்ணாடி இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது. நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைச் சற்று இழுக்கப்போய், சாடி விழுந்து உடைந்தது. அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தைத் தண்டிக்கவில்லை. அச்சிறுவனை மறுபடியும் வரவழைத்து, உடைந்த சாடி எப்படிச் சீரமைக்கப்படுகிறது என்பதை அவனுக்குக் காட்டியது. கண்ணாடித் தடையில்லாமல் பொருள்களைக் காட்டும் தன் வழக்கத்தையும் அது கைவிட விரும்பவில்லை. எல்லா அருங்காட்சியகங்களும் அப்படித் திறந்து வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். குழந்தையின் ஆர்வத்தையும் குழந்தையின் குற்றத்தையும் அவர்கள் வெவ்வேறாகப் பார்த்தார்களே, அந்தப் பார்வையை மட்டும் கேட்கிறேன்.

காவலர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முதன்மையானது என்று கருதுகிறேன். என் குழந்தைகள் உங்கள் இயக்குநரைப் பார்த்ததில்லை, காப்பாட்சியரைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அருங்காட்சியகம் என்பது சீருடை அணிந்த அந்த ஒருவர்தான். தம் கூடத்திலுள்ள பொருள்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றவர் அவர். எந்தச் சிலையில் வெளிச்சம் எப்போது விழும், எந்த ஓவியத்தின் மூலையில் பூனை ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்வித் துறையை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை ஒன்றில் மூன்றே கேள்விகள் உண்டு: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் வேறென்ன கண்டுபிடிக்கலாம்? விடை சரியா தவறா என்ற பேச்சே அதில் இல்லை. கலை வரலாறு படிக்காதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. நான் வீட்டிலும் கூடத்திலும் இவற்றைத்தான் கேட்கிறேன். இரண்டாவது கேள்விதான் பயன்மிக்கது, ஏனென்றால் அது குழந்தையை மீண்டும் படத்துக்கே அனுப்புகிறது. "அந்த அம்மா கோபமா இருக்காங்க" என்று மகன் சொன்னால், எதைப் பார்த்து என்று கேட்பேன். "கை இறுக்கமா இருக்கு" என்பான். முகத்தைப் பார்த்து நான் முடிவு செய்திருந்ததை அவன் கையில் கண்டுபிடித்திருப்பான்.

குழந்தைகளுக்கென்று நீங்கள் ஏற்கெனவே செய்துவருபவை சிலவற்றில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசலில் தரப்படும் "பத்துப் பொருள்களைக் கண்டுபிடி" வகைத் தாள்கள் குழந்தையை ஓடவைக்கின்றன. சிங்கத்தைக் கண்டதும் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் பாய்கிறது. சிங்கத்தின் பிடரி எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. பெரியவர்களின் 17 நொடிகளைக் குழந்தைக்கும் கற்றுக்கொடுக்கிறோம். தாள் தருவதானால் வெற்றுத்தாளும் பென்சிலும் தாருங்கள், ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். வரைய உட்கார்ந்தால் எந்தக் குழந்தையும் பத்து நிமிடம் பார்க்கும். பேனா வேண்டாம் என்று நீங்கள் தடுப்பதன் காரணம் புரிகிறது. பென்சிலையும் சேர்த்துத் தடுப்பதன் காரணந்தான் புரியவில்லை.

கூடத்துக்குள் வைக்கப்படும் தொடுதிரைகளும் அப்படியே. திரை இருக்கும் அறையில் குழந்தை திரையை நினைவில் வைத்துக்கொள்ளும், எதிரே உள்ள சிற்பத்தை மறந்துவிடும். கீழ்த்தளத்தில் நெகிழிக் கட்டைகளும் வண்ண மெத்தைகளும் நிரப்பிக் "குழந்தைகள் பகுதி" என்று பெயரிட்டு ஒதுக்குவதும் எனக்கு வருத்தமே. அவை வேறிடங்களிலும் கிடைக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையால் செய்த உண்மையான பொருள் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. குழந்தைக்கு உண்மைப் பொருள்மீது பெரும் மதிப்பு உண்டு. "இது நிஜமா, இல்ல செஞ்சு வச்சதா?" என்று ஒவ்வொரு பேழையின் முன்னும் என் மகன் கேட்கிறான். நிஜம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

இருக்கைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பேழைகளைப் பார்க்கப் பார்வையாளர் எவ்வாறு குனிந்தும் வளைந்தும் எக்கியும் களைத்துப்போகிறார் என்பதைப் புகைப்படங்களோடு எழுதிக்காட்டி 1916லேயே இந்தக் களைப்புக்கு "அருங்காட்சியகக் களைப்பு" என்று பெயரிட்டுவிட்டார். நூறாண்டு கடந்த பின்னும் பல கூடங்களில் உட்கார ஒரு பலகைகூட இல்லை. அது இல்லாததால்தான் என் மகன் தரையில் உட்கார்ந்தான். கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால் மறுபடி உள்ளே விடமாட்டோம் என்ற விதியையும், ஒருமுறை வெளியேறினால் நுழைவுச்சீட்டு செல்லாது என்ற விதியையும் குழந்தையுடன் வருபவர்களுக்காவது நீக்குங்கள். நாற்பது நிமிடம் பார்த்து, வெளியே வந்து ஓடியாடி, மறுபடி உள்ளே போய் நாற்பது நிமிடம் பார்ப்பது குழந்தைக்கு இயல்பான அளவு. மூன்று மணி நேரத்தைத் தொடர்ச்சியாகத் திணித்தால் கடைசி ஒரு மணி நேரம் அழுகையில்தான் போகும். அந்த அழுகையைத்தான் பின்னர் நீங்கள் குழந்தைகளின் இயல்பு என்று சொல்கிறீர்கள்.

மற்றப் பார்வையாளர்களின் அமைதியை நான் மறக்கவில்லை. ஓர் ஓவியத்தின் முன் தனியாக நிற்க வந்தவருக்கு, பக்கத்தில் ஒரு குழந்தை இடைவிடாமல் கேள்வி கேட்பது இடையூறாக இருக்கலாம். ஓடுவதையும் கத்துவதையும் தடுப்பதும், அழும் குழந்தையை உடனே வெளியே தூக்கிச் செல்வதும் எங்கள் பொறுப்பு. அதைக் காவலர் நினைவூட்டும் நிலைக்கு நாங்கள் விடக் கூடாது. கைப்பேசியைப் பார்த்தபடி குழந்தையைக் கூடத்தில் விட்டுவிடும் பெற்றோரை நீங்கள் கண்டிப்பது சரி. ஆடையற்ற சிலைகளின் முன் குழந்தை சிரித்தால் கண்ணைப் பொத்தி இழுத்துச் செல்லாமல், உடலையும் செதுக்கத் தகுந்த அழகாக அந்தக் காலத்தவர் கருதினார்கள் என்று சொல்லிக் கடப்பதும் எங்கள் வேலைதான். நான் வேண்டுவதெல்லாம், தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வியும் தரையில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒழுங்கீனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்பதே. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் பங்குகொள்ளும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. உங்கள் கதவைத் திறந்துவைத்து, எங்கள் வரவைப் பொறுத்துக்கொள்வதோடு அந்த உரிமை நிறைவேறிவிடாது.

வரும் விடுமுறையில் நாங்கள் அதே அருங்காட்சியகத்துக்கு மறுபடி செல்லவிருக்கிறோம். மகள் அந்தப் பீடத்தின் நான்கு பக்கங்களையும் வரைய வேண்டும் என்கிறாள். முதற்கூடத்துக் காவலரிடம், தூக்கிச் செல்பவர்கள் மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கவும் எண்ணியிருக்கிறாள். மகனுக்கு வாத்துகளை எண்ணி முடிக்க வேண்டும். பதினொன்று வரை வந்துவிட்டானாம். இரண்டு பென்சில்களும் ஒரு நோட்டும் எங்கள் பையில் இருக்கும். அவற்றை வாசலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், வாத்துகளுக்கு எதிரே ஒரு சிறிய பலகை போட்டுவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்